மெல்லச் சொன்ன யானை

“மாசாமாசம் நூத்தித் தொண்ணூத்தொம்பது ரூபா எங்கயோ போய்க்கிட்டிருக்குடா. என்னன்னு பாரு” என்று மாமா பாஸ்புக்கை நீட்டினார். தீபாவளிக்கு மறுநாள் காலை, விருதுநகரில் அம்மாச்சி வீட்டுத் திண்ணை. முந்தின வாரம்தான் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று பதிவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஏழு வரிகள், ஏழிலும் ஒரே தொகை. மொத்தம் 1393 ரூபாய். பக்கத்தில் யுபிஐ என்றும், அதை ஒட்டி யாருக்கும் புரியாத ஒரு நீண்ட எண்ணும். பேங்க்காரன் எடுக்கிற ஏதோ சார்ஜ் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம்.

மாமா தண்ணீர் கேன் போடுகிறவர். வாடகை வண்டியில் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வாங்கிவிட வேண்டும் என்பது நான்கைந்து வருட ஆசை. எங்கள் பக்கம் அந்த வண்டிக்குக் குட்டி யானை என்றுதான் பேர். பங்குனிப் பொங்கல் முடிந்த கையோடு ஒரு பைனான்ஸில் போய்க் கேட்டிருக்கிறார். “சிபில் சரியில்லண்ணே” என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். என்ன சரியில்லை, ஏன் சரியில்லை என்பது கிடையாது. மாமாவுக்கு அந்த வார்த்தையே அன்றைக்குத்தான் அறிமுகம். வீட்டுக்கு வந்து போனில் தேடியிருக்கிறார். உங்கள் கடன் மதிப்பெண், முற்றிலும் இலவசம் என்று ஒரு செயலி வந்தது. சரிபார்ப்புக்கு 1 ரூபாய் மட்டும் என்றது. கட்டினார். அரை வட்டத்தில் ஒரு முள், ஆரஞ்சு நிறத்தில் போய் நின்றது. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து முதல் 199 போயிருக்கிறது.

செயலியை எப்போதோ அழித்துவிட்டார். அழித்தால் முடிந்தது என்று நினைத்திருக்கிறார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். கடையை விட்டு வெளியே வந்தால் கடைக்காரன் பின்னாலேயே வந்து பையில் கைவிடமாட்டான் என்பது போன்ற ஒரு நம்பிக்கை.

நான் அந்தச் செயலியை மறுபடி இறக்கினேன். பணம் கட்டும் பக்கத்தில் பெரிய பச்சைப் பட்டை: “இலவச அறிக்கையைப் பெறுங்கள்.” அதற்குக் கீழே, வெள்ளைத் தரையில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: “7 நாட்களுக்குப் பின் திட்டம் புதுப்பிக்கப்படும்.”

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அதை எழுதியது நான்.

இல்லை, சரியாகச் சொல்லிவிடுகிறேன். மாமா போனில் இருந்தது நான் வேலை பார்த்த செயலி அல்ல. ஆனால் என் பிழைப்பு இதுதான். செயலிகளின் ஆங்கில வரிகளைத் தமிழாக்குவது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வரிகள் ஒரு விரிதாளில் தனித்தனியாக வரும். எந்தப் பக்கத்தில், எந்த நிறத்தில், எந்த அளவில் அவை போய் உட்காரும் என்பது நமக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டத்தில் எழுத்து வரம்பு மட்டும் இருக்கும். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கடன் மதிப்பெண் செயலிக்குச் செய்தேன். அதில் இந்த வரியும் வந்தது. “7 நாட்களுக்குப் பிறகு மாதந்தோறும் உங்கள் கணக்கிலிருந்து கட்டணம் எடுக்கப்படும்” என்று முதலில் எழுதினேன். வரம்பைத் தாண்டிவிட்டது என்று கட்டம் சிவப்பானது. சுருக்கச் சொன்னார்கள். சுருக்கினேன். “மாதந்தோறும்” போயிற்று. “உங்கள் கணக்கு” போயிற்று. “எடுக்கப்படும்” போயிற்று. கடைசியில் நின்றது “திட்டம் புதுப்பிக்கப்படும்.” மூலத்துக்கு விரோதமில்லை. பிழையில்லாத தமிழ். அதை வாசிக்கிற ஒருவருக்குத் தன் பணம் போகப்போகிறது என்று மட்டும் தோன்றாது. திட்டம் புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஏதோ நல்லது நடக்கிற மாதிரிதானே இருக்கிறது?

அதே கோப்பில் இன்னொரு வரி. வேண்டாம் என்று மறுப்பவர் அமுக்க வேண்டிய பொத்தானுக்கு. “வேண்டாம், என் எதிர்காலம் எனக்கு முக்கியமில்லை” என்று செய்திருந்தேன். தமிழ் இயல்பாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

*

மாமா தேடிப்போன பொருள் எது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்ட எல்லாரும் முதலில் சொல்வது, “ஓசின்னு போனா இப்படித்தான்.” மாமா ஓசிக்குப் போகவில்லை.

இந்தியாவில் நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் நான்கு. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. நாம் எப்போது கடன் வாங்கினோம், எந்தத் தவணையை எத்தனை நாள் தாமதமாகக் கட்டினோம், யாருக்கு ஜாமீன் நின்றோம் என்பதையெல்லாம் வங்கிகள் இவற்றுக்கு அனுப்புகின்றன. அதிலிருந்து 300க்கும் 900க்கும் நடுவே ஒரு மதிப்பெண். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைத் தனிநபருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று 2016 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2017 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நான்கு இடத்திலும் கேட்கலாம் என்பதால் ஆண்டுக்கு நான்கு அறிக்கைகள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

ஆக அது அன்பளிப்பு அல்ல, உரிமை. மாமா உழைத்துக் கட்டிய தவணைகளின் கணக்கு. அதை மாமாவிடமே காட்டுவதாகச் சொல்லி நடுவில் ஒருவன் நுழைந்து மாதக்கட்டணம் வாங்கியிருக்கிறான். அதிலும் முழு அறிக்கையைக் காட்டவில்லை. முள்ளை மட்டும் காட்டியிருக்கிறான்.

அன்றைக்கே அந்த நான்கில் ஒன்றின் சொந்தத் தளத்துக்குப் போய், பான் எண்ணும் கைபேசிக்கு வந்த ஓடிபியும் கொடுத்து முழு அறிக்கையை எடுத்தோம். கட்டணத் திட்டங்கள் எதிரே வந்தால் அமுக்காமல் தாண்டிப் போக வேண்டும், இலவச ஆண்டு அறிக்கை என்று இருப்பதைத்தான் தேட வேண்டும். கார்டு எண்ணோ யுபிஐ பின்னோ கேட்கிற இடம் எதுவானாலும் அது நாம் தேடிவந்த இடமில்லை. அது 1 ரூபாயாக இருந்தாலும் சரி. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் விஷயம் இருந்தது. மாமா 2019இல் வாங்கி முழுசாகக் கட்டி முடித்த பைக் கடன் இன்னும் முடியாத கடனாகவே நிற்கிறது, கடைசித் தவணை பாக்கி. பைக் கொடுத்த பைனான்ஸ்காரர்கள் கணக்கை முடித்த செய்தியை அனுப்பவே இல்லை. “நோ டியூ குடுத்தானேடா!” என்று உள்ளே ஓடிப்போய் பீரோவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்தார் மாமா. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அதைப் படமெடுத்து இணைத்துப் புகார் பதிந்தோம். 30 நாளுக்குள் சரிசெய்யவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023இல் வந்த விதி. அது வரை போகவில்லை, அதற்குள் திருத்திவிட்டார்கள்.

ஏழு மாதம் முள்ளைப் பார்க்கக் காசு கொடுத்தவருக்கு, ஒரு பைசா இல்லாமல் கிடைத்த மூன்றாம் பக்கத்தில் பதில் இருந்திருக்கிறது.

*

அம்மாச்சி சொன்ன பாரதக் கதைகளில் எனக்கு மறக்காதது துரோணர் சாவு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். துரோணரை நேராக ஜெயிக்க முடியாது. மகன் செத்தான் என்று கேட்டால் ஆயுதத்தைக் கீழே போடுவார். பீமன் அசுவத்தாமன் என்ற பெயருள்ள ஒரு யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் செத்தான் என்று கத்துகிறான். துரோணர் நம்பவில்லை. தர்மனிடம் கேட்கிறார். தர்மன் ஆமாம் என்று உரக்கச் சொல்லி, “யானை” என்பதை மட்டும் மெல்லச் சொல்கிறான். அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணன் சங்கை ஊதினான் என்பாள் அம்மாச்சி. அதுவரை தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தர்மனின் தேர் அந்தக் கணம் தரையில் இறங்கிவிட்டது.

சின்ன வயதில் எனக்கும் மாமாவுக்கும் இதில் சண்டை. மாமாவுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம்தான். அவன் பொய் சொல்லலையே, அப்புறம் எதுக்குத் தேர் இறங்கணும் என்பது என் கட்சி. யானையையும் சொன்னானா இல்லையா? சொன்னான். மாமா, “சொன்னானா, முழுங்குனானா?” என்பார்.

இப்போது யோசித்தால் அந்தக் கதையில் தர்மனின் வாயைவிட வேலைப் பிரிவினைதான் என் கண்ணில் படுகிறது. யோசனை ஒருவனுடையது. யானையைக் கொன்றது ஒருவன். கத்தியதும் அவனே. உறுதிமொழி இன்னொருவனுடையது. சங்கு ஊதியவன் வேறு. ஒவ்வொருவனையும் தனியே நிறுத்திக் கேட்டால், நான் பொய் சொல்லவில்லை என்பான். சங்கு ஊதுவது பொய்யா? யானை நிஜமாகவே செத்ததுதானே? இந்தச் செயலியும் அப்படித்தான் செய்யப்படுகிறது. வக்கீல் முழு விதிமுறையையும் எழுதிவிட்டார், நாற்பது பத்தி. வடிவமைப்பவர் அதிலிருந்து ஒரு வரியை முன்பக்கத்தில் வைத்தார், வைக்காமல் விடவில்லை. நிறம் தேர்ந்தவர் சாம்பலைத் தேர்ந்தார், சாம்பல் ஒரு குற்றமா? மொழிபெயர்த்தவன் வரம்புக்குள் சுருக்கினான். எல்லாரும் மாலை வீட்டுக்குப் போய்விட்டோம். பொய் மட்டும் அங்கே முழுசாக இருக்கிறது, சொன்னவன் யாரும் இல்லை.

வள்ளுவர் வாய்மையை நடந்ததை நடந்தபடி சொல்வது என்று வரையறுக்கவில்லை. தீங்கில்லாத சொல் என்கிறார். பள்ளியில் இதை நடத்தும்போது, நல்லதுக்காகப் பொய் சொல்லலாம் என்ற பக்கத்தைத்தான் எல்லா வாத்தியாரும் விளக்குவார்கள். மறுபக்கத்தை யாரும் எடுப்பதில்லை. அந்த வரையறைப்படி, ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கிற ஒரு வாக்கியம் வாய்மை இல்லாமல் போக முடியும்.

*

ஓஎம்ஆரில் இந்த மாதிரி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் கெட்டவனில்லை. “எல்லாம் எழுதியிருக்குல்ல மச்சான். படிக்காதது யார் தப்பு? பத்திரத்தைப் படிக்காம வீடு வாங்குவியா?” என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்த வேண்டும், அவர்கள் கண்ணுக்கு நாம் காவல் நிற்க முடியாது என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மாமாவை விவரமில்லாதவர் என்று சொல்வதை மாமாவே ஒத்துக்கொள்ளமாட்டார்.

பேச்சு எங்கெங்கோ போய், அவன் வேலையைப் பற்றித் திரும்பியது. ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று என்று காட்டிப் பார்ப்பார்களாம். ஒரு முறை விலையைப் பொத்தானுக்கு மேலே கறுப்பில் போட்டுப் பார்த்தார்களாம். “அது தோத்துடுச்சு” என்றான். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். தோற்றது என்றால் என்ன? வந்தவர்கள் விலையைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், வேண்டாம் என்று போனார்கள். அதாவது அந்தப் பக்கம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைத்தான் தோல்வி என்று தூக்கியெறிந்தார்கள். மெல்லச் சொல்வதற்கும் சங்கு ஊதுவதற்கும் நடுவே தற்செயல் எதுவும் இல்லை. ஊதிப் பார்த்து, கேட்காமல் போவதை உறுதி செய்துகொண்டு ஊதுகிறார்கள். நண்பன் கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிரிக்கெட் பற்றிப் பேசினோம்.

இந்த வித்தை இங்கே பிறந்ததில்லை. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஆண்டுக்கொரு இலவசக் கடன் அறிக்கையைக் குடிமக்களின் உரிமை ஆக்கியது. அதற்கென்றே தனியாக ஒரு தளமும் வந்தது. ஆனால் மக்கள் காதில் விழுந்தது வேறொரு தளத்தின் விளம்பரம். இலவச அறிக்கை என்று சொல்லி, 30 நாளுக்குள் ரத்து செய்யாவிட்டால் கண்காணிப்புச் சேவைக்காக ஆண்டுக்கு 79.95 டாலர் எடுத்தது கன்ஸ்யூமர் இன்ஃபோ டாட் காம் என்ற நிறுவனம். 2005இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குப் போட, 9,50,000 டாலர் கட்டவும் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. விளம்பரம் நிற்கவில்லை. கிதார் வாசிக்கிற ஒரு இளைஞன் கடற்கொள்ளையன் வேஷத்தில் உணவகத்தில் பரிமாறிக்கொண்டே பாடுகிற விளம்பரம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் அரசாங்கமே 2009இல் அதைக் கேலி செய்து, உண்மையான தளம் எது என்று சொல்லும் பாட்டு வீடியோக்களை எடுக்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு, இலவச அறிக்கை என்று விளம்பரம் செய்தால் அரசின் இலவசத் தளத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது. உடனே அந்தத் தளம் அறிக்கைக்கு 1 டாலர் விலை வைத்தது, அந்த டாலரை அறக்கொடைக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னது. விலை இருந்தால் இலவசம் இல்லை, இலவசம் இல்லை என்றால் விதியும் இல்லை. மாமா கட்டிய 1 ரூபாயைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த 1 டாலர் எனக்கு ஞாபகம் வருகிறது. தொகை சின்னதாக இருப்பதன் காரணம் தாராளம் அல்ல.

இங்கே அந்த 1 ரூபாய் செய்கிற வேலை இன்னும் நுட்பமானது. தானாகப் பணம் எடுக்க ஒருவரிடம் முதல் முறை ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒப்புதல் என்றால் பின் எண், அல்லது ஓடிபி. மாமா 1 ரூபாய்க்காகப் பின்னை அடித்தபோது, கூடவே மாதாமாதம் எடுப்பதற்கான ஒப்புதலையும் கொடுத்துவிட்டார். அதன் பிறகு 15,000 ரூபாய் வரை பின் கேட்காமலே எடுக்கலாம். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு பிறகு தொகையை எழுதிக்கொண்ட வட்டிக்காரர்களைப் பற்றித் தாத்தா சொல்வார். இது அதுவல்ல, தாளில் எல்லாமே எழுதியிருந்தது. மடித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சொல்லியும் இருக்கிறார்கள். மாமாவின் போனில் தேடினேன். ஏழு குறுஞ்செய்திகள், நகைக்கடைத் தள்ளுபடிக்கும் உடனடிக் கடனுக்கும் இடையில். ஏழும் ஆங்கிலத்தில். அழைப்பு தமிழில் வந்திருக்கிறது, எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. ரத்து செய்யும் பக்கமும் ஆங்கிலம். அந்தப் பக்கத்தைத் தமிழாக்க யாரும் என்னைப் போன்ற ஒருவனுக்குக் கூலி கொடுக்கவில்லை.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி ஏமாற்று வடிவங்கள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாப் பொறி அதில் ஒன்று. இலவசச் சேவைக்காகப் பணவிவரத்தையோ தானியங்கி ஒப்புதலையோ கட்டாயமாகக் கேட்பதும் அதற்குள் அடக்கம். மறுப்பவரை வெட்கப்பட வைக்கும் பொத்தானும் பட்டியலில் இருக்கிறது. பட்டியலை வாசித்தபோது என் கோப்புகளின் பொருளடக்கத்தை வாசிப்பது போலிருந்தது.

யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து அந்த ஒப்புதலை ரத்து செய்தேன். மாமா ஒருமுறை பின்னை அடித்தார், இந்தத் தடவை திரையை முழுசாகப் படித்துவிட்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் கொடுத்தோம். கடைசி மாதத்து 199 ரூபாயை மட்டும் “நல்லெண்ண அடிப்படையில்” திருப்பித் தருவதாகப் பதில் வந்தது. இந்தப் பதில் அழகான தமிழில் இருந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். படிவம் இலவசம்தான், இருந்தும் ஐம்பது ரூபாய் வாங்குவார்கள். மாமா அவர்களைப் பற்றி ஒருநாளும் குறைசொன்னதில்லை. ஐம்பது என்று முதலிலேயே சொல்கிறார்கள், முப்பதுக்கு முடியுமா என்று கேட்கலாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்றும் வந்துவிடலாம். செயலிக்காரன் 199 ரூபாய் என்று நேராகக் கேட்டிருந்தால் மாமா கொடுத்திருப்பார், அல்லது போடா என்றிருப்பார். அந்த 1393 ரூபாயைவிட, போடா என்று சொல்கிற அந்த வாய்ப்பு போனதுதான் அவருக்கு உறுத்துகிறது என்று நினைக்கிறேன். “என்னைக் கேக்கவே இல்லையேடா” என்று அன்றைக்கு நான்கைந்து தடவை சொல்லிவிட்டார்.

“அப்புறம் எப்பிடி மாமா நம்புனீங்க?” என்று கேட்டேன்.

“தமிழ்ல இருந்துச்சுடா. இங்கிலீசுல இருந்தா உன்னையக் கேட்டிருப்பேன்.”

துரோணர் பீமன் சொன்னதை நம்பவில்லை. தர்மன் சொன்னதால் நம்பினார். அதனால்தான் யோசனை சொன்னவனும் யானையைக் கொன்றவனும் இருக்க, தர்மனின் தேர் மட்டும் இறங்கியது போலும். நான் தர்மன் இல்லை, கூலிக்குச் சொல் எண்ணுகிறவன். ஆனால் அந்தச் சாம்பல் வரிக்கு அவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், அது அவர் அம்மா பேசின மொழியில் இருந்ததால் வந்தது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்துக் கொடுக்கிற வேலையைத்தான் நான் செய்கிறேன். என் வேலை இன்னதென்று மாமாவுக்குத் தெரியும், மொழிபெயர்ப்பு என்று. இந்த வரிகளும் அதில் சேர்த்தி என்று சொல்லவில்லை. சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன்.

போன மாதம் வந்த ஒரு கோப்பில் அதே வரி, வேறு நிறுவனம். “மாதந்தோறும் பணம் எடுக்கப்படும்” என்றே எழுதினேன். கட்டம் சிவப்பானது. அப்படியே அனுப்பிவிட்டு, வரம்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று குறிப்பும் எழுதினேன். நன்றி, கவனத்தில் கொள்கிறோம் என்றார்கள். வெளிவந்த செயலியில் என்ன இருக்கிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

மாமாவுக்குத் தை மாதம் கடன் கிடைத்தது, குட்டி யானை வந்துவிட்டது. பின்பக்கக் கதவில் எழுத ஒரு வரி கேட்டிருக்கிறார். “நீதான் நல்லா எழுதுவியே. பெருசா எழுதணும், பின்னாடி வர்றவனுக்குத் தூரத்துலயே தெரியணும்” என்றார். மூன்று வாரமாகிறது. இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.